விருந்துக்கு வைத்த சோளம்

தேனீக்கள் போன அன்றே நாங்கள் சுதாரித்திருக்க வேண்டும் என்று என் நாத்தனார் அம்சம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பல்லி சொன்னாலும் சகுனம், சொல்லாவிட்டாலும் சகுனம். பேராவூரணித் தென்னந்தோப்பு ஒன்றிலிருந்து ஆசை ஆசையாக வாங்கிவந்து குளக்கரையில் வைத்த பெட்டிகள் அந்த மார்கழியில் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஊரில் பூ என்று ஒன்று இருந்தால்தானே? உளுந்து இல்லை, எள் இல்லை, வேலியோரத் தும்பைகூடக் கருகிப்போயிருந்தது. சர்க்கரைப் பாகு காய்ச்சித் தட்டில் வைத்துப் பார்த்தோம். எறும்புதான் கொழுத்தது. பசி வந்தது, பறந்துவிட்டன, இதில் சகுனம் எங்கே வந்தது என்று அம்சத்தின் வாயை அடைத்தேன். அடைத்தேனே தவிர, அந்தக் காலிப் பெட்டிகளைக் கடந்து போகும்போது நானும் மூடியைத் திறந்து திறந்து பார்க்கத்தான் செய்தேன்.

எங்கள் ஊர் திருவாரூருக்குத் தெற்கே, பாசனத்தின் கடைமடையில் இருக்கிறது. அந்த வருஷம் மேட்டூரைப் புரட்டாசியில் திறந்ததாக டிவியில் காட்டினார்கள். மலர் தூவியதையும் காட்டினார்கள். தண்ணீர்தான் எங்கள் வாய்க்காலுக்கு வரவில்லை. ஐப்பசி மழையும் கைவிட்டது. புழுதியில் விதைத்த சம்பா சாண் உயரம் வந்து, நின்றபடியே காய்ந்தது. கார்த்திகையிலிருந்து மாடு ஏற்றும் லாரிகள் தெருவுக்குள் வர ஆரம்பித்தன. வைக்கோல் தீர்ந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏற்றி அனுப்பினார்கள். துடைக்காமல் ஏற்றியவர்களும் உண்டு.

நான் சுட்டியை ஏற்றவில்லை. அது உம்பளச்சேரிப் பசு. சாம்பல் உடம்பு, நெற்றியில் வெள்ளையாக ஒரு சுட்டி. என் அம்மா அதைக் கன்றாக ஓட்டிவந்து எங்கள் கொட்டகையில் கட்டிவிட்டுப் போனாள். அந்தக் கார்த்திகையில் அது சினையாக இருந்தது, மாசியில் ஈன வேண்டும். வடித்த கஞ்சி முதலில் அதற்குத்தான். கொட்டகைக் கூரையில் வேய்ந்திருந்த பழைய வைக்கோலைக்கூட உருவி, தூசி தட்டிப் போட்டேன். பிள்ளை இல்லாத வீட்டில் மாட்டுக்குச் செல்லம் அதிகம் என்று அம்சம் குத்திக் காட்டுவாள். காட்டட்டும். மாசி வரை சுட்டி நிற்க வேண்டும், நல்லபடியாகக் கன்று போட வேண்டும். அந்த வருஷம் சாமியிடம் நான் கேட்டது இது ஒன்றைத்தான்.

என் வீட்டுக்காரர் தமிழ்மாறன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அவர் அப்பா ஐயாவு காலம் முழுக்க மேலத்தெருப் பண்ணையில் மாடு மேய்த்தவர். அந்தப் பண்ணையின் பங்காளிகளில் ஒருவரான நாகேஸ்வரன் குடும்பம் சென்னைக்குப் போனபோது, அவர்கள் விற்ற நிலத்தில் ஒரு துண்டை இவர் வாங்கினார். குளம் வெட்டினார், போர் போட்டார், மீன் விட்டார், தேனீப் பெட்டி வைத்தார். மாட்டுச்சாணம் குளத்துக்கு, குளத்துத் தண்ணீர் பயிருக்கு, பயிர்ப் பூ தேனீக்கு என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததைப் பாடமாக ஒப்பிப்பார். ஒன்று படுத்தால் மற்றதும் சேர்ந்து படுக்கும் என்பதை அங்கே யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

சம்பா காய்ந்த வயலில் அவர் சோளம் தெளித்தார். திருப்பூரில் கூட வேலை பார்த்த பெரம்பலூர்க்காரர் விதை கொடுத்தாராம், தீவனத்துக்கு ஆகும் என்று. எங்களுக்குத் தெரிந்த தீவனம் வைக்கோல். சோளத்தை நாங்கள் தோசையாகக்கூடப் பார்த்ததில்லை. முளைத்து முழங்கால் உயரம் வந்ததும் அதுவும் நெல்லைப் போலவே நின்றுவிட்டது. இலை சுருண்டு, ஓரமெல்லாம் செம்பழுப்பாகிவிட்டது. மார்கழிக் கடைசியில் பேருக்கு ஒரு மழை தூறியது. அதற்கே பக்கத்தில் புதுத் தூர் வெடித்து, பார்த்தால் கண்ணைப் பறிக்கும் பச்சையில் குருத்து விட்டது. ஊரெல்லாம் சாம்பல் நிறத்தில் கிடக்க, எங்கள் வயல் மட்டும் பச்சை. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த வாரமே எங்கள் தெருக் காளியம்மாளின் வெள்ளாடு ஒன்று வயல் ஓரத்தில் செத்துக்கிடந்தது. வாயில் நுரை. பாம்பு என்றார்கள். நானும் பாம்பு என்றுதான் நினைத்தேன். இவர் சுற்றிலும் முள் வெட்டிப் போட்டார்; ஆட்டைக் காக்க அல்ல, பச்சையைக் காக்க.

குளத்திலும் நல்லதாக எதுவும் தெரியவில்லை. ஆளுயரத்துக்கு நின்ற தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. விடியற்காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர் முழுக்க வாய். கட்லா மீனும் ரோகு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். காற்றுக்குத் தவிக்கிறது என்று இவர் மூங்கிலால் தண்ணீரை அடிப்பார், கரண்ட் வந்த நேரத்தில் போர்த்தண்ணீரைப் பீய்ச்சி விடுவார். அந்த நேரம் பார்த்து, மேலத்தெருப் பண்ணையின் இன்னொரு பங்காளியான அண்ணாதுரையின் ஆள், கேட்காமல் கொள்ளாமல் அவருடைய உழவு மாட்டைக் குளத்தில் இறக்கிவிட்டான். சேறு கலங்கி அன்றைக்குக் கொஞ்சம் மீன் செத்தது. இவருக்கு வந்ததே கோபம். டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் அந்த ஆளைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னொரு தடவ என் குளத்துல எவன் மாடாவது இறங்குச்சு, அது உசுரோட கரையேறாது. சொல்லிட்டேன்."

மீன் போன எரிச்சலில் வந்த பேச்சு. எறும்பை மிதித்தாலே உச்சுக்கொட்டுகிறவர் இவர். ஆனால் ஊர் எதை மறந்தாலும் வார்த்தையை மறக்காது.

பெரும்பொங்கல் அன்று சாயங்காலம் அண்ணாதுரையே எங்கள் வாசலுக்கு வந்தார். நான் கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் மேலத்தெரு ஆள் ஒருவர் எங்கள் வாசல் படியில் நின்று நான் பார்த்ததில்லை. கோயில் குளம் காய்ந்து கிரிக்கெட் மைதானமாகிவிட்டது, மாட்டுப் பொங்கலுக்கு மாடு குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை, லாரிக்குத் தப்பி இருப்பதே கொஞ்சம் மாடுதான், ஒரு வேளை உன் குளத்தில் இறக்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். இவர் அப்பா அவரை ஆண்டே என்று கூப்பிட்டவர். இவர் அண்ணே என்று கூப்பிட்டார், நாற்காலி எடுத்துப் போட்டார், காப்பி போடச் சொன்னார், தாராளமாகக் கொண்டு வாங்க என்றார். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்ததுபோல ஒரே பரபரப்பு.

அவர் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். ஒரு மாடு இறங்கியதற்கே மீன் செத்தது, ஊர் மாடு முழுக்க இறங்கினால் குளத்தில் என்ன மிஞ்சும் என்று கேட்டேன். மீன் போனால் அடுத்த வருஷம் விட்டுக்கொள்ளலாம் என்றார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது.

"எங்கப்பா அவுங்க மாட்டக் குளிப்பாட்டியே செத்தாரு, தாமர. நாளைக்கி அவுங்க மாடு நம்ம குளத்துல குளிக்கப் போவுது. அதுவும் நம்மளக் கேட்டு."

அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருந்தது. குளத்தோடு விடாமல், சோளப் பச்சையையும் மாடுகளுக்கு விருந்து வைக்கப்போவதாகச் சொன்னார். வந்த மாட்டை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாதாம். விருந்தாளி மாடு முதலில் தின்னட்டும், நம் வீட்டு மாடு மிச்சத்தைத் தின்னட்டும் என்றார். சுட்டிக்கு மிச்சமும் வேண்டாம் என்றேன் நான். நிறைசினை, மாதக்கணக்காகக் காய்ந்த வைக்கோல் தின்ற வயிற்றில் திடீரென்று பச்சை போனால் கழிச்சல் கண்டுவிடும் என்று எனக்குப் பயம். அந்த ஒரு பயத்தால்தான் சுட்டி கொட்டகையிலேயே நின்றது.

மாட்டுப் பொங்கல் அன்று வெயிலே வரவில்லை. தை மாதத்தில் இல்லாத புழுக்கம், ஓர் இலைகூட அசையவில்லை. மேலத்தெருவிலிருந்தும் எங்கள் தெருவிலிருந்தும் மாடுகள் வந்தன. எல்லாம் எலும்பு எண்ணுகிற மாதிரிதான் இருந்தன, ஆனாலும் மனிதர்கள் விடவில்லை; கொம்புக்கு வண்ண டப்பாவும் கழுத்துக்கு நெட்டி மாலையுமாகத்தான் வந்தார்கள். குளத்தில் இறக்கித் தேய்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சேற்றுக் குழம்பாகிவிட்டது. கரையேற்றி, கொம்புக்கு வண்ணம் பூசி, மாலை போட்டார்கள். இவர் அரிவாளோடு வயலில் இறங்கி, அள்ளி அள்ளி அறுத்து, கை நிறையக் கொண்டுவந்து போட்டார். மாடுகள் ஆவலாகத் தின்றன. அண்ணாதுரையின் காளை இரண்டுக்கும் இவரே வாயில் ஊட்டினார். சுற்றிலும் சிரிப்பாக இருந்தது. என் வீட்டுக்காரரை அவ்வளவு நிமிர்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதலில் அந்தக் காளைகளில் ஒன்றுக்குத்தான் மூச்சு வாங்கியது. ஓடி வந்த மாடு மாதிரி விலா ஏறி இறங்கியது. பசி மயக்கம் என்று யாரோ சொன்னார்கள். பிறகு கால் பின்னியது, கழுத்து முறுக்கிக்கொண்டது, அப்படியே பக்கவாட்டில் விழுந்தது. தூக்கி நிறுத்த ஓடியவர்கள் பக்கத்தில் போவதற்குள் அதன் ஜோடியும் விழுந்தது. காளியம்மாளின் கிடாரி, இன்னொரு கறவை, அப்புறம் இன்னொன்று. நெட்டி மாலையெல்லாம் நுரை. கொம்பில் பூசிய வண்ணம் அதற்குள் காயக்கூட இல்லை. அந்தக் கூச்சலுக்கு நடுவில் யாரோ குளத்தைக் காட்டினார்கள். மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்க ஆரம்பித்திருந்தன.

சேறு கலங்கியதில் மீன் மூச்சு முட்டிச் செத்தது. எங்களுக்கு அது தெரியும். ஆனால் பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? மீனும் சாகிறது, குளித்த மாடும் சாகிறது. அப்படியென்றால் தண்ணீரில் ஏதோ இருக்கிறது. அண்ணாதுரையின் மகன் ராம்கிதான் முதலில் வாயைத் திறந்தான். இவன் அன்றைக்கே சொன்னானே, உயிரோடு கரையேறாது என்று டீக்கடையில் சொன்னானே என்று கத்தினான். தேனீகூட இவன் விஷத்துக்குப் பயந்து ஓடிவிட்டது என்றான் இன்னொருவன். பொய்யை யாரும் மெனக்கெட்டுக் கட்டவில்லை. எல்லாம் தானாகவே வந்து பொருந்திக்கொண்டது.

ராம்கி இவர் சட்டையைப் பிடித்துக் கரையில் தள்ளினான். இவர் திருப்பி அடிக்கவில்லை. எழுந்து ஓடிப்போய்க் குளத்தில் இறங்கி, அந்தச் சேற்றுத் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தார். விஷம் இருந்தால் நான் சாகிறேன் என்று அழுதார். நடிக்கிறான் என்றார்கள். மாட்டுக்கு வைத்தது மனுஷனுக்கு உடனே ஏறாது என்றார்கள். நான் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். பொங்கல் விடுமுறைக்குச் சொந்த ஊர் போயிருந்தார் போல, மணி அடித்துக்கொண்டே இருந்தது. அம்சம் ஒரு பக்கம் தலையில் அடித்துக்கொண்டு மாரியம்மனைக் கூப்பிட்டாள். எனக்கு சாமியைக் கூப்பிடத் தோன்றவில்லை. நிற்கிற மாடுகளைப் பார்த்தேன்.

குளித்த மாடெல்லாம் விழவில்லை. எங்கள் தெருத் தியாகேசன் வீட்டு எருமை முதலில் குளித்து ஏறியது. நேரமாகிவிட்டதென்று பச்சை தின்ன விடாமல் எதிர்க்கரைக்கு ஓட்டிப்போயிருந்தார்கள். அது கல்லாக நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் வயல் ஓரத்தில் செத்த ஆடு நினைவுக்கு வந்தது. அது குளத்துப் பக்கம் போன ஆடு இல்லை, பச்சையை மேய வந்த ஆடு.

தண்ணீரில் இல்லை, பச்சையில்தான் இருக்கிறது என்று கத்தினேன். அண்ணாதுரை திரும்பிப் பார்த்தார். அவர் காளை இரண்டும் அதற்குள் அடங்கிவிட்டன. அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ரொம்ப நிதானமாகக் கேட்டார்.

"பச்சப் பயிரு மாட்டக் கொல்லுமாம்மா? எந்த ஊருல நடந்திருக்கு?"

நெல் தின்றோ வைக்கோல் தின்றோ புல் தின்றோ மாடு செத்ததை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. பச்சை என்றால் உயிர், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். காய்ந்து குறுகி மறுபடி துளிர்த்த இளஞ்சோளம் மாட்டுக்கு எமன் என்பது மேட்டுக்காட்டில் கூலி வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் தெரியுமாம். டாக்டர் மறுநாள் வந்து சொன்னார். அன்றைக்கு அதைச் சொல்ல அங்கே யாருமில்லை.

"அப்பறம் உன் மாடு ஏன் கொட்டாயில நிக்கிது?" என்று ராம்கி கேட்டான். "ஊரு மாட்டுக்கெல்லாம் ஊட்டத் தெரிஞ்சவனுக்கு, அவன் மாட்டுக்கு மட்டும் ஏன் போடத் தெரியல?"

எல்லாரும் கொட்டகைப் பக்கம் திரும்பினார்கள். சினை மாடு, கழிச்சல் காணும் என்று பயந்தேன் என்று சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாகக் கேட்கிறது என்று எனக்கே புரிந்தது. இரண்டு பேர் இவரைக் குப்புறத் தள்ளி முழங்காலால் அழுத்தினார்கள். ஒருவன் கொட்டகைப் பக்கம் கேனோடு போனான். கேனில் டீசல். எங்கள் தெரு ஆட்களும் அங்கேதான் நின்றார்கள். செத்ததில் அவர்கள் மாடும் உண்டு, ஒருத்தரும் குறுக்கே வரவில்லை. இவர் வாயில் மண். என்னைப் பார்த்து ஓடிப்போ என்று கையைக் காட்டினார்.

நான் கொட்டகைக்குத்தான் ஓடினேன். கேன் வைத்திருந்தவன் விலகிக்கொண்டான். சுட்டியை அவிழ்த்தேன். வெளியே இவ்வளவு நடந்தும் அது என்னைப் பார்த்ததும் கையை நக்கியது. கஞ்சி வருகிற நேரம் என்று நினைத்திருக்கும். கயிற்றைப் பிடித்துக் கூட்டத்துக்கு நடுவில் நடத்திக்கொண்டு வந்தேன். நான் என்ன செய்யப்போகிறேன் என்று இவருக்கு மட்டும் புரிந்துவிட்டது.

"தாமர, வேணான்டி. வேணாம். என்ன அடிச்சுக் கொல்லட்டும். அத விட்டுடு."

எனக்கு இவர் மேல் கோபம் வந்தது. வாசலில் ஒருத்தர் வந்து நின்றதற்கு ஊருக்கே விருந்து வைத்த மனுஷன் மேல் கோபம். கேட்ட ராம்கி மேல், கேட்காமல் நின்ற எங்கள் தெரு மேல், மாசி வரை காப்பாற்றத் துப்பில்லாத சாமி மேல் எல்லாம் கோபம். அழுகை வரவில்லை. எல்லாரும் பாருங்கள், என் மாடு குளத்துப் பக்கம் போகவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் அதில் குடிக்கவில்லை என்று சொன்னேன். சிதறிக் கிடந்த பச்சையைக் கூட்டி அள்ளி அதன் முன்னால் போட்டேன்.

சுட்டி ஒரு தடவை முகர்ந்தது. திரும்பி என்னைப் பார்த்தது. தின்று தொலை என்று அதன் கழுத்தைத் தடவினேன். தின்ன ஆரம்பித்தது. எத்தனை மாதமாகிவிட்டது அது பச்சையைப் பார்த்து. நாக்கைச் சுழற்றிச் சுழற்றி, கண்ணை மூடி, அத்தனை ருசியாகத் தின்றது. போட்டதைத் தீர்த்துவிட்டு இன்னும் வேண்டும் என்று என் இடுப்பை முட்டியது. இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டேன்.

எல்லாரும் அதன் விலாவையே பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. ராம்கி வாயைத் திறக்கப் போனான். என் புத்தி எப்படிப்பட்டது பாருங்கள், ஒன்றும் ஆகாமல் இருந்துவிடாதா என்றும் வேண்டிக்கொண்டேன், ஒன்றும் ஆகாவிட்டால் இவரைக் கொன்றுவிடுவார்களே என்றும் பயந்தேன். இரண்டையும் ஒரே மூச்சில் நினைத்தேன். அப்போது சுட்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

அது விழுந்தபோது நான் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். இவரை அழுத்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்துகொண்டார்கள். கேன் வைத்திருந்தவன் அதை வேலியோரம் வைத்துவிட்டுப் போனான். அண்ணாதுரை துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். ராம்கி அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனான். இவர் சேற்றோடு தவழ்ந்து வந்து சுட்டியின் காலைக் கட்டிக்கொண்டு, நீ ஏன் இதைச் செய்தாய் என்று என்னைக் கேட்டார்.

"ஒங்கள விட்டுட்டாங்கல்ல," என்றேன்.

சுட்டியின் கண் நிலைத்துவிட்டது. நான் அதன் வயிற்றில் கை வைத்தேன். உள்ளே கன்று உதைத்தது. தாய் போய்விட்டது அதற்கு இன்னும் தெரியவில்லை. மறுபடியும் உதைத்தது, கொஞ்சம் மெதுவாக. அந்த உதை நிற்கும் வரை நான் கையை எடுக்கவில்லை.